கழுத்தில் கை விழுந்தால்: ஜியு-ஜிட்சுவின் முதல் பாடங்கள்

பிடித்து, உருட்டி, பூட்டும் சண்டைக் கலையான ஜியு-ஜிட்சு வகுப்பில் புதிதாகச் சேருகிறவர்கள் முதல் வாரமே கேட்பது, "சோக் (கழுத்தை நெரிக்கும் பூட்டு) எப்ப சொல்லித் தருவீங்க?" என்பதுதான். ஆசை நியாயமானதே. ஆனால் தற்காப்புக்காகக் கற்பவர்களுக்கு வரிசை வேறாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலில் தன் கழுத்தை விடுவித்துக்கொள்ளத் தெரிய வேண்டும். அடுத்து, கீழே விழுந்தால் அடிபடாமல் எழுந்து விலகத் தெரிய வேண்டும். அடுத்தவர் கையையோ கழுத்தையோ பூட்டுவதெல்லாம் அதற்குப் பிறகு. நீங்கள் போட்ட பூட்டு நழுவினால் ஒரு வாய்ப்பு போகும், அவ்வளவுதான். கழுத்துப் பிடியிலிருந்து வெளிவரத் தெரியாவிட்டால் பத்து விநாடிக்குள் நினைவே போய்விடலாம்.

கழுத்துக்குள் நடப்பது

குரல்வளைக்கு இரு பக்கமும் கரோட்டிட் தமனிகள் ஓடுகின்றன; மூளைக்குப் போகும் ரத்தத்தின் பெரும்பகுதி இவை வழியாகத்தான். இரண்டும் ஒருசேர அழுத்தப்பட்டால் சுமார் 10 விநாடியில், சிலருக்கு அதற்கும் முன்பே, மயக்கம் வந்துவிடும். பெரிய வலி இருக்காது. முகம் சூடாகும், காது அடைக்கும், பார்வை ஓரங்களிலிருந்து இருண்டு வரும். மூச்சுக்குழாயை முன்பக்கமிருந்து நசுக்குவது வேறு விஷயம். அது கடுமையாக வலிக்கும், இருமல் வரும், பதற்றம் வரும். நினைவு போக அதைவிட நேரம் பிடிக்கும். ஆனால் அதற்குள் குரல்வளைக் குருத்தெலும்புக்குச் சேதம் நேரலாம்.

இந்த வேறுபாடு தெரியாமல்தான் பலர் ஏமாறுகிறார்கள். ரத்த ஓட்டம் தடைப்படும்போது மூச்சு தாராளமாக வந்துகொண்டிருக்கும், பேசக்கூட முடியும். "மூச்சு விட முடியுதே, சமாளிச்சிடலாம்" என்று நினைக்கிற நேரத்திலேயே கண் இருட்டிவிடும். ஆகவே கழுத்தில் கை பட்டவுடன் செயல்பட வேண்டும். எவ்வளவு இறுக்குகிறான் என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

எந்தத் திசையிலிருந்து பிடி வந்தாலும் முதல் இரண்டு விநாடி வேலை ஏறக்குறைய ஒன்றுதான். தாடையை நெஞ்சோடு இறக்கி, தோள்கள் இரண்டையும் காதுவரை தூக்குங்கள். கழுத்தில் இடம் குறையும். இது நேரம் வாங்கித் தரும், பிடியை விடுவிக்காது. அதே கணத்தில் உங்கள் இரண்டு கைகளும் பிடித்தவருடைய ஒரு கைக்குப் போக வேண்டும். இரண்டு கைகளைத் தனித்தனியாக அவருடைய இரண்டு கைகளோடு மோதவிட்டால் பலசாலிதான் ஜெயிப்பார்.

கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒட்டி, கையைக் கொக்கியாக்கிக்கொள்ளுங்கள். கொக்கி விழ வேண்டிய இடம் மணிக்கட்டை ஒட்டி. முன்னங்கையின் நடுப்பகுதியில் இல்லை. நடுப்பகுதி தடிமன், வியர்வையில் வழுக்கும். இழுப்பது விரல் பலத்தால் அல்ல. கிணற்றில் தண்ணீர் சேந்தும்போது கயிற்றை இழுப்பதுபோல முழங்கையை விலாவை நோக்கி இறக்குங்கள். முதுகுத் தசை முழுவதும் வேலை செய்யும்.

நின்றபடி, முன்னாலிருந்து இரு கைகளால் நெரித்தால்

தெருவிலும் வீட்டுக்குள்ளும் அதிகம் எதிர்பார்க்க வேண்டிய பிடி இதுதான். போட்டிகளில் இது வராது என்பதால் சில வகுப்புகளில் சொல்லித்தருவதே இல்லை. அவர் கட்டைவிரல்கள் உங்கள் தொண்டையில், மற்ற விரல்கள் கழுத்தின் பின்னால். கட்டைவிரல் பக்கம்தான் இந்தப் பிடியின் பலவீனம்.

வலது கையை நேராக மேலே தூக்குங்கள், மேற்கை காதை ஒட்டியிருக்கட்டும். இடது காலை ஓர் அடி பின்னால் வைத்து, இடுப்போடு சேர்த்து முழு உடம்பையும் இடப்பக்கம் திருப்புங்கள். உங்கள் வலது தோள் அவர் மணிக்கட்டுகளின் மேல் மோதும். ஒரு தோளின் சுழற்சியை இரண்டு கட்டைவிரல்கள் தாங்காது. பிடி கழன்றதும் தூக்கிய கையின் முழங்கையைச் சடாரென்று கீழே இறக்கி அவர் கைகளை உங்கள் விலாவோடு அழுத்தி, விலகி ஓடுங்கள்.

பிசகுவது பெரும்பாலும் கையை மட்டும் சுழற்றி, இடுப்பைத் திருப்பாமல் விடுவதால்தான். பயத்தில் தலையைப் பின்னால் சாய்ப்பது இன்னொன்று. தொண்டை விரிந்து முழுதாக அவர் கையில் போய்விடும்.

முதுகு சுவரோடு ஒட்டியிருந்தால் காலைப் பின்னால் வைக்க இடமிருக்காது. அப்போது இடது தோள் சுவரில் ஒட்டியிருக்க, வலது தோள் முன்னால் வரும்படி உருளுங்கள். அவர் முழங்கைகளை மடக்கி நெருங்கி நின்றால் இந்தச் சுழற்சி பலிக்காது. கொக்கிக் கைகள் இரண்டையும் அவர் கட்டைவிரல்களின் அடியில் போட்டு, இரு பக்கமும் வெடுக்கென்று பிடுங்கி, அதே நொடியில் முழங்காலால் கவட்டில் இடியுங்கள். இந்தப் பிடிக்கு மட்டும் இரு கை இரு கைக்குப் போவது சரி. அதுவும் ஒரே வெட்டாக, அடியோடு சேர்த்து.

துப்பட்டாவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பின்னாலிருந்து துப்பட்டாவை இழுத்தால் எதிர்த்திசையில் முன்னால் போகத்தான் உடம்பு துடிக்கும். அது சுருக்கை நீங்களே இறுக்குவது. ஒரு கையின் விரல்களைத் துணிக்கும் கழுத்துக்கும் இடையே நுழைத்துக்கொண்டு, இழுப்பவரை நோக்கிப் பின்னால் இரண்டு எட்டு வைத்துத் திரும்புங்கள். துணி தொய்ந்ததும் தலைக்கு மேலாகக் கழற்றிவிடலாம்.

கீழே கிடத்தி, மேலே உட்கார்ந்து நெரித்தால்

ஜியு-ஜிட்சுவில் இதை மவுன்ட் என்பார்கள். நின்று அடிப்பதை மட்டும் கற்றவர்களுக்கு இங்கே பதில் இருக்காது. ஜியு-ஜிட்சுவின் முதல் நாள் பாடமே இதற்கான பதில்தான்: பொறியும் உருட்டலும்.

அவருடைய வலது கையைக் குறிவைப்பதாக வைத்துக்கொள்வோம். அது உங்கள் இடப்பக்கம் இருக்கும். உங்கள் வலது கையால் அவர் வலது மணிக்கட்டைப் பிடியுங்கள். இடது கையை அவர் முழங்கைக்குச் சற்று மேலே பின்பக்கமாகப் போட்டு, அந்தக் கையை உங்கள் நெஞ்சோடு இழுத்து அணையுங்கள். உங்கள் இடது பாதத்தை அவருடைய வலது பாதத்துக்கு வெளியே போட்டு அடைத்துவிடுங்கள். இப்போது அவருக்கு அந்தப் பக்கம் ஊன்றக் கையும் இல்லை, காலும் இல்லை. இரண்டு குதிகாலையும் பிட்டத்துக்கு எவ்வளவு நெருக்கமாகக் கொண்டுவர முடியுமோ கொண்டுவாருங்கள். இடுப்பை நேராக மேலே உந்துங்கள். அவர் எடை உங்கள் தலைப்பக்கம் சரியும். சரிந்தவுடன் இடது தோளுக்கு மேலாக, பின்னால் பார்த்தபடி, உருளுங்கள்.

"மேலே, பிறகு பக்கவாட்டில்" என்ற வரிசைதான் உயிர். நேரடியாகப் பக்கவாட்டில் தள்ளினால் உங்களைவிட 20 கிலோ கூடுதல் எடையுள்ளவர் அசையவே மாட்டார். வேறு மூன்று இடங்களிலும் இது உடையும். குதிகால் தூரமாக இருந்தால் இடுப்பு உயராது. ஒரு பக்கத்துக் கையையும் மறுபக்கத்துக் காலையும் பிடித்தால் அவர் ஊன்றித் தப்பிவிடுவார். அவர் கை விறைத்து நேராக இருக்கும்போது அணைக்க முயன்றால் கை வராது. முதலில் முழங்கை மடிப்பில் உங்கள் முன்னங்கையால் ஓங்கி இறக்கி மடக்க வேண்டும்.

உருண்டு முடித்ததும் நீங்கள் மேலே, அவர் கால்களுக்கு நடுவே இருப்பீர்கள். அங்கே உட்கார்ந்து சண்டையைத் தொடராதீர்கள். எழுந்து விலகுங்கள்.

உருட்ட வரவில்லை என்றால் இரண்டாவது வழி, முழங்கை-முழங்கால் தப்பித்தல். ஒருக்களித்துப் படுத்து, முழங்கையால் அவர் முழங்காலைத் தள்ளி, கிடைத்த இடைவெளியில் உங்கள் முழங்காலை நுழைத்து, இடுப்பைப் பின்னால் நகர்த்திக்கொண்டே வர வேண்டும். ஒரு முயற்சியில் வராது. உருட்டல், இது, மறுபடி உருட்டல் என்று மாற்றி மாற்றிச் செய்யும்போது இரண்டில் ஒன்று திறக்கும்.

பின்னாலிருந்து பூட்டினால்

ரியர் நேக்கட் சோக் எனப்படும் இந்தப் பூட்டு ஜூடோவிலிருந்து வந்தது. 1882-இல் ஜிகோரோ கானோ தொடங்கிய கோடோகான் பள்ளியில் பயின்ற மிட்சுயோ மயேடா 1914-இல் பிரேசில் போய்ச் சேர்ந்தார். அவரிடம் கற்ற கார்லோஸ் கிரேசியின் குடும்பம் தரைச் சண்டையை, இன்று பிரேசிலிய ஜியு-ஜிட்சு எனப்படும் தனிக் கலையாக வளர்த்தெடுத்தது. 1993-இல் அமெரிக்காவின் டென்வரில் நடந்த முதல் யுஎஃப்சி (பல சண்டைக் கலைஞர்கள் மோதும் போட்டி) தொடரின் இறுதிச் சுற்றில் ராய்ஸ் கிரேசி, தன்னைவிடப் பெரிய ஜெரார்ட் கோர்டோவை முடித்தது பின்னாலிருந்து போட்ட கழுத்துப் பூட்டால்தான். முதுகுப் பக்கம் போய்விட்ட ஒருவரை எதிர்ப்பது எவ்வளவு கடினம் என்பதை அன்று உலகமே பார்த்தது. அதனால் இதிலிருந்து தப்பிப்பதைத்தான் அதிக நேரம் பழக வேண்டும் என்பேன்.

பூட்டு எப்படி விழுகிறது என்று பாருங்கள். ஒரு கை தோளுக்கு மேலாக வந்து தொண்டையைச் சுற்றுகிறது. அதன் முழங்கை மடிப்பு உங்கள் தாடைக்கு நேர் கீழே நிற்கும். அந்தக் கை தன் மற்றக் கையின் மேற்புஜத்தைப் பிடிக்கிறது. மற்றக் கை உங்கள் பின்மண்டைக்குப் பின்னால் நுழைகிறது. பின்மண்டைக் கை உட்காராதவரை பூட்டு முழுமையில்லை.

பின்மண்டைக் கை இன்னும் வரவில்லையென்றால், இரு கைக் கொக்கியால் தொண்டைக் கையை நெஞ்சுக்கு இறக்கிப் பிடித்து வையுங்கள். வந்துவிட்டதென்றால் முதலில் அதைத் தேடுங்கள். அந்தக் கையின் விரல்களைப் பிடித்து உங்கள் தலைக்கு மேலாக இழுத்து இறக்கினால் பூட்டு தளரும். தாடையை மட்டும் இறக்கி வைத்துக்கொண்டு நம்பிக்கையோடு இருப்பவர்கள் பலர். பலசாலி தாடையின் மேலேயே நசுக்குவார். வலி தாங்காமல் தலை தானாக உயரும்.

பிறகு முதுகு. தரையில் உட்கார்ந்த நிலையில், அவர் வலது கை உங்கள் வலது தோளுக்கு மேலாகத் தொண்டைக்கு வந்திருக்கிறது, இடது கை உங்கள் இடது அக்குளுக்குக் கீழே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அக்குளுக்குக் கீழே கை இருக்கும் பக்கமாக, அதாவது இடப்பக்கமாகச் சரியுங்கள். அந்தப் பக்கம் விழுந்தால் அவர் தொண்டைக் கைக்கு இழுக்கும் கோணம் கெடும். வலப்பக்கம் விழுந்தால் அவருக்கே வசதி. சரியும்போது இடுப்பைக் கீழ்நோக்கி நழுவவிட்டு, உங்கள் தோள்பட்டை இரண்டும் தரையைத் தொடும்வரை முதுகைத் தேயுங்கள். முதுகு தரையில் பட்டுவிட்டால் அவர் உங்கள் பின்னால் இல்லை. உங்கள் இடுப்பைச் சுற்றியிருக்கும் அவர் காலை உங்கள் முழங்காலைத் தாண்டித் தள்ளிவிட்டு, அவரைப் பார்த்துத் திரும்புங்கள். இத்தனை நேரமும் ஒரு கையாவது தொண்டைக் கையை விடவே கூடாது. காலைக் கழற்றும் அவசரத்தில் இரண்டு கையையும் இறக்குவதுதான் பூட்டில் போய் முடியும்.

நின்றுகொண்டிருக்கும்போது பின்னாலிருந்து முன்னங்கையால் தொண்டையை அழுத்தினால், தாடையை அவர் முழங்கை இருக்கும் பக்கம் திருப்புங்கள். மடிப்பில் இருக்கும் சிறு இடைவெளி மூச்சுக்குழாயைக் காக்கும். உடனே முழங்காலை மடக்கி எடையை இறக்கி, இரு கையால் மணிக்கட்டை இழுங்கள்.

முன்னால் குனிந்து தலை மாட்டினால்

இந்தப் பிடியின் பெயர் கில்லட்டின். அவர் வலது அக்குளில் உங்கள் தலை மாட்டியிருந்தால், இடது கையால் அவர் நெரிக்கும் மணிக்கட்டை இழுத்துப் பிடித்து, வலது கையை அவருடைய இடது தோளுக்கு மேலாகப் போட்டு முதுகில் தொங்குங்கள். உங்கள் எடை அவர் மேல் இருக்கும்வரை அவரால் இடுப்பை முன்தள்ளித் தூக்கி நெரிக்க முடியாது. பிறகு கால்களை உங்கள் வலப்பக்கமாக, தலை மாட்டியிருக்கும் பக்கத்துக்கு எதிராக, சுற்றி நடத்துங்கள். தலையைப் பின்னால் பிடுங்குவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. தாடை அவர் கையில் சிக்கி இன்னும் இறுகும்.

எழுவதும் ஒரு நுட்பம்

இதை அலட்சியம் செய்கிறார்கள். இரு கையையும் தரையில் ஊன்றிக் குனிந்தபடி எழுந்தால் முகத்தில் உதை விழும். இடது கையைப் பின்னால் ஊன்றி, வலது பாதத்தைத் தரையில் பதித்து, வலது முன்னங்கையை முகத்துக்கு முன் வையுங்கள். இடது காலால் அவர் முழங்காலையோ கணுக்கால் எலும்பையோ உதைத்துத் தூரம் உண்டாக்குங்கள். எடை ஊன்றிய கையிலும் வலது பாதத்திலும் மட்டும். இடுப்பைத் தூக்கி, இடது காலை உள்ளே இழுத்து ஊன்றிய கைக்கும் பின்னால் வைத்து நிமிருங்கள். கண் அவரை விட்டு அகலக் கூடாது. வகுப்பு தொடங்கும்போது இரு பக்கமும் பத்துப் பத்து முறை செய்தால் சில மாதங்களில் உடம்பே செய்துவிடும்.

பூட்டுகளில் எவை போதும்

தற்காப்புக்கு மூன்று போதும் என்பேன்: ரியர் நேக்கட் சோக், கார்டிலிருந்து (மல்லாந்து கிடந்து அவரைக் கால்களுக்கு நடுவே வைத்திருக்கும் நிலை) முழங்கையை நீட்டிப் பூட்டும் ஆர்ம்பார், தோளைத் திருகும் கிமுரா. கால்களால் கழுத்தை நெரிக்கும் முக்கோணக் கால் பூட்டு அழகானது, ஆனால் சிமென்ட் தரையில் உங்களைத் தூக்கிப் போட்டால் மண்டை உடையும். குதிகாலைத் திருகும் பூட்டுகளில் வலி தெரியுமுன்பே முழங்கால் தசைநார் கிழியலாம். புதியவர்கள் தொடவே வேண்டாம்.

ரியர் நேக்கட் சோக் போடும்போது, மேலே சொன்னபடி, முழங்கை மடிப்பு தாடைக்கு நேர் கீழே வர வேண்டும். முன்னங்கை எலும்பு குரல்வளை மேல் நின்றால் நீங்கள் அழுத்துவது மூச்சுக்குழாயை. தேவையற்ற காயம் அது. கையை மட்டும் இறுக்காமல் இரு முழங்கைகளையும் நெருக்கி, நெஞ்சை விரியுங்கள். உங்கள் கன்னம் அவர் தலையோடு ஒட்டியிருந்தால் கண்ணை நோக்கி வரும் விரல்களுக்கு இடமிருக்காது. கால்களை அவர் வயிற்றின் முன் குறுக்காகப் பின்னாதீர்கள். கணுக்காலைப் பூட்ட நீங்களே கொடுப்பது போலாகிவிடும். உடம்பு துவண்டதும் அந்தக் கணமே விட்டுவிட வேண்டும். ரத்தம் திரும்பினால் பொதுவாகச் சில விநாடிகளில் நினைவு வரும்; தொடர்ந்து பிடித்தால் மூளை சேதமும் மரணமும்தான்.

ஆர்ம்பார், நீங்கள் மல்லாந்து கிடக்க, அவர் உங்கள் கால்களுக்கு நடுவே இருந்து நேரான கையால் நெரிக்கும்போது அமையும். அவர் வலது கையை இரு கையாலும் நெஞ்சோடு பிடியுங்கள். இடது பாதம் அவர் வலது இடுப்பில். வலது தொடை அவர் இடது அக்குளுக்கு உயர ஏறட்டும். இடுப்பில் வைத்த காலை உந்தி, உங்கள் தலை அவர் இடது முழங்கால் பக்கம் வரும்படி திரும்புங்கள். இடது காலை அவர் தலைக்கு மேலாகப் போட்டு, முழங்கால்களை நெருக்கி, குதிகால்களைக் கீழே இழுங்கள். அவர் முழங்கைக் கூர் உங்கள் அடிவயிற்றைப் பார்க்க வேண்டும். இடுப்பை மெல்ல உயர்த்தினால் போதும். திரும்பாமல் நேராகப் படுத்தபடி காலை வீசுவதால்தான் இது நூற்றுக்குத் தொண்ணூறு தடவை நழுவுகிறது.

கிமுரா, அவர் கையைத் தரையில் ஊன்றும்போது. அந்த மணிக்கட்டைப் பிடித்து, எழுந்து உட்கார்ந்து, மற்றக் கையை அவர் தோளுக்கு மேலாகப் போட்டு மேற்கைக்குப் பின்னால் நுழைத்து உங்கள் மணிக்கட்டையே பிடியுங்கள். முழங்கை 90 டிகிரி மடிந்திருக்கட்டும். இடுப்பைப் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே அவர் கையை முதுகின் பின்னால் தலையை நோக்கித் திருப்புங்கள். 1951-இல் ரியோவின் மரக்கானா அரங்கில் ஜப்பானிய ஜூடோ வீரர் மசாஹிகோ கிமுரா இதைப் போட்டபோது கார்லோஸின் தம்பி ஹெலியோ கிரேசி கை உடைந்தும் தட்டவில்லை, அதாவது தோல்வியை ஒப்புக்கொள்ளவில்லை. கார்லோஸ்தான் போட்டியை நிறுத்தினார். கைப் பூட்டின் எல்லை இதில் தெரிகிறது: வலியைப் பொறுத்துக்கொள்பவர், குடித்திருப்பவர், கை உடைந்த பிறகும் சண்டை போடலாம். கழுத்துப் பூட்டில் அந்தப் பேச்சே இல்லை.

ஆனால் இவை எல்லாம் ஒருவருக்கு ஒருவர், ஆயுதமில்லை என்ற நிலைக்கு. இரண்டாவது ஆள் இருந்தாலோ கத்தி இருந்தாலோ தரையில் யாரையும் கட்டிப்பிடித்துக் கிடக்கக் கூடாது. பிடியை விடுவித்து ஓடுவது மட்டும்தான். இந்தியச் சட்டத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகமாகக் காயப்படுத்த அந்த உரிமை இடம் தராது. ஆள் துவண்ட பிறகும் பிடித்துக்கொண்டிருந்தால் பதில் சொல்வது கடினம்.

பழகும் முறை

மேட் விரித்த தரை, பயிற்றுநர், தட்டினால் உடனே விடும் பார்ட்னர் - இந்த மூன்றும் இல்லாமல் கழுத்துப் பிடியைத் தொடாதீர்கள். வீட்டில் தனியாகவோ, நண்பர்களோடு விளையாட்டாகவோ, "மயக்கம் எப்படி இருக்கும் பார்க்கலாம்" என்றோ செய்யவே கூடாது. கழுத்து எலும்புப் பிரச்சினை, பக்கவாதம், வலிப்பு இருந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். தட்டுவதென்றால் பார்ட்னரின் உடம்பில் இரண்டு மூன்று முறை, அவருக்குத் தெரியும்படி. கை சிக்கியிருந்தால் வாயால் சொல்லலாம், காலால் தரையில் தட்டலாம்.

முதல் சில வாரங்கள் எதிர்ப்பே இல்லாமல் அசைவை மட்டும். அடுத்து கால்வாசி பலம், பிறகு பாதி. ஒத்துழைக்கும் பார்ட்னரோடு மட்டுமே பழகினால் எல்லாம் பலித்ததுபோலத் தோன்றும். தள்ளும், எடை போடும், கையை மாற்றும் பார்ட்னர் வந்ததும் குதிகால் தூரம், திரும்பாத இடுப்பு எல்லாம் அம்பலமாகும். வகுப்பில் சேருமுன் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். மவுன்ட்டிலிருந்து தப்பிப்பதும் எழும் நுட்பமும் ஒவ்வொரு வாரமும் வருகிறதா, யாராவது தட்டியும் விடாமல் பிடிக்கிறாரா என்று கவனித்தாலே அந்த இடத்தின் தரம் தெரிந்துவிடும்.

உண்மையிலேயே யாராவது கழுத்தை நெரித்திருந்தால், பிடி கழன்று நன்றாக நடமாடினாலும், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வெளியே ஒரு தழும்பும் இல்லாமல் உள்ளே தமனியின் சுவர் கிழிந்திருக்கலாம். அதன் விளைவு நாட்கள் கழித்துக்கூட வரும். குரல் கம்முவது, விழுங்க வலிப்பது, கண்ணின் வெள்ளையிலோ இமையிலோ சிவப்புப் புள்ளிகள், கடும் தலைவலி, பார்வை மங்கல், ஒரு பக்கம் மரத்துப்போவது - எது தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது. கர்ப்பிணிகள் அறிகுறியே இல்லாவிட்டாலும் போக வேண்டும். அவசரத்துக்கு 112, பெண்களுக்கான உதவி எண் 181. மருத்துவரிடம் "கழுத்தில் அடிபட்டது" என்று பொதுவாகச் சொல்லாமல், கையாலா, முன்னங்கையாலா, துணியாலா, எவ்வளவு நேரம், நினைவு தப்பியதா, சிறுநீர் கழிந்ததா என்று எல்லாவற்றையும் சொல்லி, கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.